ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்கூட வரவில்லை: ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கே.ஆர்.புரம் பயணி:

வணக்கம். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி. பேட்டரி இந்த வருடத் தொடக்கத்தில்தான் புதிதாகப் போட்டது. தினமும் பெங்களூர் கே.ஆர்.புரத்திலிருந்து அவுட்டர் ரிங் ரோடு வழியாக மாரத்தஹள்ளி. பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃப் (ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் சேர்ந்து ஓடினால் லைட் மங்குகிறது.

பேட்டரி கடையில் டெஸ்ட் பண்ணி "பேட்டரி நல்லா இருக்கு" என்றார்கள். பக்கத்து மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார். இன்ஜின் லேசாகத் திணறியது, ஆனால் அணையவில்லை. அப்படியும் "சார்ஜ் கம்மியா ஏறுது, ஆல்டர்னேட்டர் போச்சு" என்று சொல்லி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தக் கருவியில் ரீபில்ட் செய்த ஒன்றுக்கு 9,000 ரூபாய் கேட்கிறார்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி, பேட்டரி முனைகளில் நானே அளந்தேன்:

இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் – 12.18
செல்ஃப் சுற்றும்போது – 11.0 (மெதுவாகத்தான் சுற்றுகிறது)
ஐடிலில், எதையும் ஆன் செய்யாமல் – 13.6
ஐடிலில், ஹெட்லைட், ஏசி, பிளோயர் முழு வேகம், பின்கண்ணாடி டிஃபாகர் – 12.7
அதே லோடு, 2000 ஆர்பிஎம் – 12.95

சாவி போட்டதும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது. பெல்ட் சத்தம் இல்லை. யார் சொல்வதை நம்புவது?

---

ஒயரிங் மாணிக்கம்:

காசு கொடுக்காதீர்கள், சார். இன்னும் மூன்று இடத்தில் அளக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால், ஓடுகிற வண்டியில் டெர்மினலைக் கழற்ற இனி யாரையும் விடவே விடாதீர்கள். அது டயனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் 40, 50 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கையில் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், உள்ளே ரோட்டரில் இருக்கும் காந்தப்புலம் அந்த நொடியே தணியாது. அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் வோல்ட்டேஜ் சட்டென்று பல மடங்கு எகிறும். அதுவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது பேட்டரிதான். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், கரண்ட்டை டிசியாக்கும் டயோடு, அதோடு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வரை அடிவாங்கலாம். நல்ல ஆல்டர்னேட்டரையே இந்தச் சோதனை கெடுத்துவிடும். அணையவில்லை என்பதால் தெரிவதும் ஒன்றுமில்லை: கொஞ்சமாகவே கரண்ட் கொடுக்கும் பாதி செத்த ஆல்டர்னேட்டரில்கூட இன்ஜின் ஓடும்.

இனி உங்கள் எண்கள். எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். எனக்கு உறுத்துவது இரண்டாவது வரி. பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், பேட்டரி முனையில் வோல்ட் 9.6க்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். உங்களுக்கு 11.0 நிற்கிறது, செல்ஃபோ திணறுகிறது. அதாவது பேட்டரி கொடுக்கத் தயார், செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ கரண்ட்டுக்குத் தடை. செல்ஃப் மோட்டாரே இறுகிப்போயிருந்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், வோல்ட் இன்னும் கீழே போகும். ஆகவே அதுவும் இல்லை.

செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் இரண்டுமே இன்ஜினில் போல்ட் போட்டுப் பூட்டியவை. இரண்டுக்கும் நெகட்டிவ் வழி ஒன்றுதான்: இன்ஜின் அல்லது கியர்பாக்ஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வரும் எர்த் ஒயர். இரண்டு கோளாறும் சேர்ந்தே வந்திருப்பதால் என் முதல் சந்தேகம் அங்கேதான். ஆனால் சந்தேகத்தை வைத்துப் பார்ட்ஸ் மாற்றக் கூடாது, அளந்துவிடுவோம்.

மீட்டர் டிசி 20 வோல்ட் ரேஞ்சில் இருக்கட்டும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் தடித்த ஒயர் ஏறும் ஸ்டட் இருக்கும், அதுதான் பி பிளஸ். சாவி எடுத்திருந்தாலும் அதில் பேட்டரி நேரடியாக நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பேனர் அதிலும் பாடியிலும் ஒருசேரப் பட்டால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு முதலை கிளிப்பால் மீட்டர் ஒயரை மாட்டுங்கள், பெல்ட்டுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் தள்ளிக் கொண்டுவந்து கட்டுங்கள். ஃபேன் தானாகவே ஓடத் தொடங்கும், கை ஜாக்கிரதை. இன்ஜின் நிற்கும் நிலையிலேயே பி பிளஸ்ஸில் ஒருதரம் பாருங்கள். பேட்டரி வோல்ட் அப்படியே வர வேண்டும். பூஜ்யம் காட்டினால் மெயின் ஃப்யூஸ் போயிருக்கிறது, மற்ற சோதனை எதுவும் வேண்டாம்.

பிறகு ஸ்டார்ட் செய்து, அதே முழு லோடு, வீட்டில் யாராவது ஆக்சிலரேட்டரை மிதித்து 2000இல் பிடிக்கட்டும்.

ஒன்று: சிவப்பு பி பிளஸ்ஸில், கருப்பு ஆல்டர்னேட்டர் உடம்பில், பெயின்ட் இல்லாத உலோகத்தில். ஆல்டர்னேட்டர் உண்மையில் தருவது இதுதான். 13.8லிருந்து 14.5 வரை இருந்தால் நல்லது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் ரெகுலேட்டரே கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், அது கோளாறு ஆகாது.

இரண்டு: சிவப்பு பி பிளஸ்ஸில், கருப்பு பேட்டரியின் பாசிட்டிவில். ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது, ஈய முனையின் தலையிலேயே குத்த வேண்டும். பாசிட்டிவ் வழியில் தொலைவது இது. 0.2 வரை சரி. 0.3ஐத் தாண்டினால் ஒயர், ஃப்யூஸ் இணைப்பு, கிளாம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மூன்று: சிவப்பு பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையில், கருப்பு ஆல்டர்னேட்டர் உடம்பில். எர்த் வழியில் தொலைவது. 0.1க்குள் இருக்க வேண்டும். 0.2ஐத் தாண்டினால் விடமாட்டேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் பேட்டரி வோல்ட்டும் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ முனை சரியாகத் தொடவில்லை.

லோடு இல்லாமல் அளந்தால் பலனில்லை. கரண்ட் ஓடினால்தான் தடையில் வோல்ட் விழும். அதே காரணத்தால் ஓம் ரேஞ்சில் "பீப்" சத்தம் வைத்துப் பார்ப்பதும் வீண். 0.02 ஓம் தடையை இந்த மீட்டர்களால் பிரித்துச் சொல்ல முடியாது, அதன் சொந்த ஒயர்களிலேயே அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் அந்த 0.02 ஓமில் 50 ஆம்பியர் ஓடினால் ஒரு முழு வோல்ட் போய்விடும்.

---

எஸ்.பி.ரோடு எலக்ட்ரான்:

மாணிக்கம் அண்ணா சொன்னதோடு மீட்டர் பற்றி ஒன்றிரண்டு. மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் சில மலிவு மீட்டர்கள் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். காரில் 15.5 வந்து "ஓவர் சார்ஜ்" என்று பயப்படுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க ஏசி (குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம்) வோல்ட் ரேஞ்சில் பேட்டரி முனையில் அளக்கச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். ஐடியா சரி: நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும், 0.5 வந்தால் டயோடு சந்தேகம். ஆனால் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 இரண்டு ரேஞ்ச்தான் இருக்கும், 0.1க்குக் கீழ் காட்டவே காட்டாது. போதாததற்கு டிசியைத் தடுக்கும் கப்பாசிட்டர் உள்ளே இல்லாததால் நல்ல பேட்டரியிலேயே 28, 30 என்று ஏதோ காட்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் வரும். அப்படி வந்தால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது என்று வைத்துவிடுங்கள். ஏசியில் மில்லிவோல்ட் படிக்கும் மீட்டர் வேண்டும்.

---

ஒயிட்ஃபீல்டு வாசகன்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் கார் 2021 மாடல். ஓடும்போது சில நேரம் 12.7, சில நேரம் 14.8. ஆல்டர்னேட்டர் போய்க்கொண்டிருக்கிறதா?

---

ஒயரிங் மாணிக்கம்:

@ஒயிட்ஃபீல்டு வாசகன், உங்களுடையது ஈசியூ கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். எரிபொருள் மிச்சம் பிடிக்க, பேட்டரி ஓரளவு நிறைந்ததும் சார்ஜை இறக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்போது 14.5க்கு மேல் ஏற்றிக்கொள்ளும். பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பில் ஒரு சின்ன சென்சார் பெட்டி ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். ஹெட்லைட்டும் பின்கண்ணாடி டிஃபாகரும் போடுங்கள். 14 பக்கம் ஏறி நின்றால் நிம்மதியாக இருங்கள். லோடு போட்டும் 12.7லேயே கிடந்து இறங்கிக்கொண்டே போனால் கவனியுங்கள். ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் (நிற்கும்போது இன்ஜின் தானாக அணைந்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வசதி) உள்ள வண்டி என்றால் பேட்டரி மாற்றும்போது கம்பெனி போட்ட வகையையே, ஈஎஃப்பி (அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் பேட்டரி வகை) என்றால் ஈஎஃப்பியே, போடச் சொல்லுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் நெகட்டிவை அந்தச் சென்சாரைத் தாண்டி இன்ஜின் உலோகத்தில்தான் பிடிக்க வேண்டும்.

---

கே.ஆர்.புரம் பயணி:

அளந்துவிட்டேன், அண்ணா. முழு லோடு, 2000 ஆர்பிஎம்:

இன்ஜின் நிற்கும்போது பி பிளஸ்ஸில் – 12.2
ஓடும்போது ஆல்டர்னேட்டரில் – 14.18
பாசிட்டிவ் வழியில் – 0.18
எர்த் வழியில் – 1.05
பேட்டரியில் – 12.95

கூட்டினால் சரியாக 14.18 வருகிறது.

---

ஒயரிங் மாணிக்கம்:

ஆல்டர்னேட்டர் முழு ஆரோக்கியம். எர்த் வழியில் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் போகிறது.

டாஷ்போர்டு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் பி பிளஸ்ஸுக்கும் தன் உடம்புக்கும் நடுவே இருப்பதைத்தான் அளக்கிறது. அதற்கு 14.18 தெரிகிறது. வேலை முடிந்தது என்று அதற்குமேல் ஏற்றாமல் நிற்கிறது. பேட்டரியில் 12.95 என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. சில வண்டிகளில் பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக ஒரு சென்ஸ் ஒயர் வரும், அது பாசிட்டிவ் பக்கத் தொலைவை ஈடுகட்டும். எர்த் பக்கத்து நஷ்டத்தை அதுவும் கண்டுபிடிக்காது. இந்த நிலையில் புது ஆல்டர்னேட்டர் போட்டிருந்தாலும் பேட்டரியில் இதே 12.95தான் வந்திருக்கும். அதையும் "டூப்ளிகேட் சரக்கு" என்று திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஜம்பர் கேபிளில் கருப்பு ஒன்றை மட்டும் எடுத்து, இன்ஜினைத் தூக்கும் கொக்கியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் பூட்டுங்கள். அதே லோடு, அதே வேகம். பேட்டரி வோல்ட் ஏறிவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு கேபிளை எடுத்துவிட்டு, அந்த 1.05 எந்த இடத்தில் போகிறது என்று துண்டு துண்டாக அளங்கள்: ஈய முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே, கிளாம்ப்புக்கும் ஒயரின் மறுமுனை லக்குக்கும் (போல்ட் போடும் உலோக வளையம்) நடுவே, லக்குக்கும் கியர்பாக்ஸ் உலோகத்துக்கும் நடுவே, கியர்பாக்ஸுக்கும் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நடுவே. ஒயர் ஓரிடத்தில் சூடாக இருந்தால் கைக்கே தெரியும், அதையும் தொட்டுப் பாருங்கள்.

---

மர்பி டவுன் வாசி:

எர்த் கெட்டுக் கிடக்கும் வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். செல்ஃப் எடுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் நேர்வழி கிடைக்காவிட்டால் கியர் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், சென்சார்களின் மெல்லிய எர்த் என்று கிடைத்த வழியில் எல்லாம் போகப் பார்க்கும். கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகி உள்ளே பிடித்துக்கொள்வது இப்படித்தான். பழைய கேபிள் வைத்த வண்டிகளில் இது தெரிந்த கதை.

---

கே.ஆர்.புரம் பயணி:

ஜம்பர் கேபிள் போட்டதும் 12.95லிருந்து 13.9க்கு ஏறிவிட்டது. செல்ஃபும் உடனே கிர்ரென்று சுற்றியது. துண்டு துண்டாக அளந்தது:

முனை – கிளாம்ப்: 0.02
கிளாம்ப் – மறுமுனை லக்: 0.28
லக் – கியர்பாக்ஸ் உலோகம்: 0.71
கியர்பாக்ஸ் – ஆல்டர்னேட்டர்: 0.04

கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றினால் லக்கின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, போல்ட் உட்காரும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. லக் பக்கத்தில் ஒயர் உறையைக் கீறிப் பார்த்தேன். செம்பு இழைகள் கறுத்துப்போய், தொட்டாலே பொடிகின்றன. சுத்தம் செய்து அதையே மாட்டலாமா?

---

ஒயரிங் மாணிக்கம்:

வேண்டாம். ஒயருக்குள்ளேயே 0.28 போகிறது என்று உங்கள் மீட்டர் சொல்லிவிட்டது. களிம்பு உறைக்குள் ஊறி மேலே ஏறியிருக்கும், லக்கை வெட்டிப் புதிது போட்டாலும் கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஜே.சி. ரோட்டில் உங்கள் மாடலுக்கு ரெடிமேட் எர்த் கேபிள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் கிரிம்ப் அடித்த லக், அதன்மேல் பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் உறை. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கை வாங்காதீர்கள், அதற்குள் தண்ணீர் போய் இதே கதை ஆகும். அலுமினிய ஒயருக்குச் செம்பு முலாம் பூசி விற்பதும் உண்டு. வெட்டிய நுனியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும்.

கியர்பாக்ஸில் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். பொடியைத் துடைத்துவிட்டு, நட்சத்திர வாஷர் வைத்து நன்றாக இறுக்குங்கள். கிரீஸ் அல்லது வாசலின் பூசுவது இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம் மட்டும். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் அது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் சின்ன எர்த் ஒயரின் போல்ட்டையும் அதே கையோடு கழற்றித் தேய்த்துவிடுங்கள். மழைத் தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான். வேலை முழுக்கப் பேட்டரி நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும்.

பேட்டரியைத் தனியாக ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். 12.18 என்றால் பாதிதான் நிறைந்திருக்கிறது, முழுசாக இருந்தால் 12.6க்கு மேல் இருக்கும். ரிங் ரோட்டில் ஊர்ந்துபோகும் உங்கள் ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அந்தப் பாதியை நிரப்ப மாட்டாது. பாதியிலேயே கிடக்கும் பேட்டரியில் தகடுகளின்மேல் சல்பேட் கெட்டியாகப் படியும், நாளாக நாளாகத் திரும்பக் கரையாது. 35 ஏஎச்சுக்கு 3.5 ஆம்பியர், காற்றோட்டமான இடத்தில், ஓர் இரவு போதும்.

---

கே.ஆர்.புரம் பயணி:

கேபிள் மாற்றி, பேட்டரியும் சார்ஜ் செய்தாயிற்று. எர்த் வழியில் இப்போது 0.06. முழு லோடில் 2000இல் பேட்டரியில் 13.92, ஐடிலில் 13.5. மறுநாள் காலை 12.64. செல்ஃப் ஒரே சுற்றில் பிடிக்கிறது. ஆனால் செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10.3க்கு இறங்குகிறது, முன்னே 11.0 இருந்ததே? பேட்டரி கெட ஆரம்பித்துவிட்டதா?

---

ஒயரிங் மாணிக்கம்:

இல்லை, இதுதான் சரியான எண். முன்பு தடை இருந்ததால் செல்ஃப் கேட்ட கரண்ட் போகவில்லை, அதனால் பேட்டரி அலுங்காமல் 11.0இல் நின்றது. இப்போது முழுக் கரண்ட் போகிறது, வோல்ட் இறங்குகிறது, மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. பெங்களூர் ஜனவரிக் காலைக் குளிரிலும் 9.6க்குக் கீழே போகாதவரை கவலை வேண்டாம்.

இனி கவனிக்க வேண்டியது நின்றுகொண்டிருக்கும்போது வடிவதைத்தான். சனி, ஞாயிறு வண்டியை எடுக்காமல் விட்டு, திங்கள் காலை அளந்து பாருங்கள். 12.6 பக்கம் நின்றால் சரி. 12.4க்கு வந்திருந்தால் எதுவோ இரவில் கரண்ட் தின்கிறது. அப்போது ஃப்யூஸ்களைப் பிடுங்காதீர்கள், பிடுங்கிப் போடும்போது தூங்கிய மாட்யூல்கள் (வண்டியின் மின்னணுப் பெட்டிகள்) எழுந்துவிடும். பானட் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, வண்டியை லாக் செய்து அரைமணி நேரம் விடுங்கள். பிறகு மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை வையுங்கள். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம் வரும். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸின் தடை ஏறக்குறைய 7.5 மில்லிஓம். அதில் 1 மில்லிவோல்ட் காட்டினால் 130 மில்லிஆம்பியர் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம், ஒரு நாளைக்கு 3 ஏஎச். உங்கள் 35 ஏஎச் பேட்டரியை ஆறு நாளில் பாதியாக்க அது போதும். எல்லா ஃப்யூஸும் சேர்ந்து 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர் ஏதாவது இருந்தால் அந்த ஃப்யூஸிலிருந்து தொடங்குங்கள்.